தீவிரப் பூஞ்சைத் தொற்றுக்குக் காரணமான இனத்தை டிஎன்ஏ மூலம் கண்டறிவது: மாதிரியிலிருந்து அறிக்கை வரை முழுமையான வழிகாட்டி

பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்யத் தெரிந்து, பூஞ்சைப் பக்கம் முதன்முறையாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாக்டீரியாவுக்கு 16எஸ் மரபணுவைப் படித்து இனம் கண்டு பழகியவர்கள் இதுவும் அதே மாதிரிதான் என்று நினைத்துத் தொடங்குவார்கள். பாதி வேலை அப்படித்தான். சிக்கல் எல்லாம் மீதிப் பாதியில் இருக்கிறது. செல் சுவர் லேசில் உடையாது, வித்துகள் காற்றிலேயே மிதக்கின்றன, எல்லா இனத்துக்கும் பொருந்தும் ஒரே மரபணு கிடையாது, தரவுத்தளத்தில் தவறான பெயரோடு பதிவான டிஎன்ஏ எழுத்து வரிசைகள் நிறைய உண்டு.

பெயர் சரியாக இருக்க வேண்டியது மருந்துக்காக. ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கும் வோரிகோனசோல், மியூகோரேல்ஸ் என்னும் பூஞ்சைக் கூட்டத்திடம் எடுபடாது. பல பூஞ்சைகளை அடக்கும் ஆம்ஃபோடெரிசின் பி, ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸிடம் தோற்றுவிடும். கேண்டிடாவுக்கு நல்ல மருந்தான எக்கினோகேண்டின்களால் கிரிப்டோகாக்கஸுக்கும் டிரைக்கோஸ்போரானுக்கும் பயனில்லை. லோமென்டோஸ்போரா புரோலிஃபிக்கன்ஸ் கையில் இருக்கும் மருந்துகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எதிர்க்கும். நாம் எழுதும் பெயரை நம்பித்தான் மருத்துவர் மருந்தை மாற்றுவார்.

கீழே உள்ள படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். புதிதாக வருபவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை படிகளைத் தவறாகச் செய்வதால் வருபவை அல்ல, முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வதால் வருபவை.

1. மாதிரி எடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்

அறுவை அரங்கில் எடுத்த திசு முழுவதும் ஃபார்மலினில் போய்விட்டால் கல்ச்சருக்கு (பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதற்கு) எதுவும் மிஞ்சாது. டிஎன்ஏவும் துண்டு துண்டாகிவிடும். அதனால் பயாப்ஸி எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடனே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்: திசுவை இரண்டாக வெட்டி, ஒன்றை ஃபார்மலினிலும் மற்றதைக் கிருமி நீக்கிய உப்புநீரில் சில துளிகள் விட்டும் அனுப்புங்கள். உப்புநீர் திசு காயாமல் இருக்கத்தான். குப்பி நிறைய ஊற்றினால் மாதிரி நீர்த்துப்போகும்.

உப்புநீரில் வந்த திசுவில் ஒரு சிறு துண்டை வந்த அன்றே, எதையும் திறந்து வேலை செய்யும் முன், மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வையுங்கள். பின்னால் முடிவில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போக அந்த ஒரு துண்டுதான் இருக்கும்.

ரத்தம் என்றால், உறையாமல் இருக்க ஈடிடிஏ சேர்த்த குழாய். அதற்குப் பதில் ஹெப்பாரின் சேர்த்தால் அது பிசிஆரைத் தடுக்கும், அதைப் பின்னால் சரிசெய்வது கடினம்.

2. முதலில் நுண்ணோக்கி, அப்புறம்தான் பிசிஆர்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். டிஎன்ஏ எல்லாவற்றையும் சொல்லிவிடுமே, எதற்கு இது என்பார்கள். காரணம் எளிது: பூஞ்சை டிஎன்ஏ எங்கும் இருக்கிறது. திசுவுக்குள் இழை இருப்பதைக் கண்ணால் பார்த்திருந்தால்தான் பின்னால் கிடைக்கும் வரிசைக்குப் பொருள் உண்டு. 2020இல் வெளியான ஐரோப்பிய, அமெரிக்கக் குழுக்களின் வரையறையும், ஃபார்மலினில் வைத்த திசுவில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்திருந்தால்தான் பிசிஆரையும் வரிசையையும் உறுதியான தொற்றுக்குச் சான்றாக ஏற்றுக்கொள்கிறது.

புதிய திசுவுக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு கால்கோஃப்ளூவர் சாயம் போதும், சில நிமிடத்தில் முடியும். ஃபார்மலின் திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் கட்டி என்றால் பேத்தாலஜியில் சில்வர் சாயமோ பிஏஎஸ்ஸோ போட்ட ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: ஈஸ்டா இழையா, இழை என்றால் அகலமா ஒல்லியா, குறுக்குச் சுவர் இருக்கிறதா, நிறம் உண்டா. அகலமாக, ரிப்பன் போல, குறுக்குச் சுவர் அரிதாகத் தெரிந்தால் மியூகோரேல்ஸ் பக்கம் யோசியுங்கள். ஒல்லியான, குறுக்குச் சுவர் உள்ள இழை என்றால் ஆஸ்பர்ஜில்லஸ் என்று உடனே எழுதிவிடக் கூடாது. திசுவுக்குள் ஃபியூசேரியமும் செடோஸ்போரியமும் பார்க்க அப்படியேதான் இருக்கும். நுண்ணோக்கி கூட்டத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. ஆனால் அந்தக் கூட்டம் எது என்பதை வைத்துத்தான் 6ஆம் படியில் மரபணுவைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள்.

மியூகோரேல்ஸ் சந்தேகம் இருந்தால் கல்ச்சருக்குத் திசுவை அரைக்காதீர்கள். அதன் இழைகளில் குறுக்குச் சுவர் குறைவு என்பதால் ஓரிடத்தில் உடைந்தாலே உள்ளிருப்பது வழிந்து இழை செத்துப்போகும். மெல்லியதாக நறுக்கி அப்படியே அகார் மேல் வையுங்கள். டிஎன்ஏவுக்கான பங்கை மட்டும் தனியாக அரைக்கலாம்.

3. கல்ச்சர் தட்டைத் திறக்கும் முன் பாதுகாப்பு

ஹிஸ்டோபிளாஸ்மா, காக்சிடியாய்டஸ், பிளாஸ்டோமைசிஸ், டலரோமைசிஸ் மார்னெஃபை ஆகியவை ஆய்வகத்தில் வேலை செய்பவரையே தாக்கக்கூடியவை. மூளைக் கட்டிகளில் வரும் கிளாடோஃபியாலோஃபோரா பான்டியானாவையும் இந்தப் பட்டியலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாத இழைப்பூஞ்சைத் தட்டை பாதுகாப்பு கேபினெட்டுக்கு வெளியே திறக்கவே கூடாது. மூக்கருகே கொண்டுபோய் வாசம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே விட்டுவிடுங்கள்.

மேலே சொன்னவற்றில் ஒன்று என்ற சந்தேகம் இருந்தால், அதற்குரிய உயர்நிலைப் பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவதே சரி. நோயாளி அண்மையில் எங்கெல்லாம் பயணம் செய்தார் என்று கேட்டு வைத்தால் இந்த முடிவை எடுப்பது சுலபம்.

4. இடத்தையும் கன்ட்ரோல்களையும் தயார் செய்தல்

மூன்று இடம் வேண்டும்: மாஸ்டர் மிக்ஸ் (மாதிரி டிஎன்ஏ சேர்க்காத பிசிஆர் கலவை) கலக்க ஒன்று, டிஎன்ஏ எடுக்க ஒன்று, பிசிஆர் முடிந்த குழாயைத் திறக்க ஒன்று. வேலை எப்போதும் இதே திசையில்தான் போக வேண்டும். ஜெல் ஓட்டிய அறையிலிருந்து அதே கோட்டோடு மாஸ்டர் மிக்ஸ் மேசைக்கு வந்தால், பெருகிய டிஎன்ஏவையும் கூடவே கூட்டி வருகிறீர்கள்.

பிப்பெட்டுகள் இடத்துக்கு ஒரு செட், டிப் எல்லாம் ஃபில்டர் உள்ளவை. மேசையை ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்து, சற்று நேரம் விட்டு, தண்ணீரால் துடையுங்கள். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மேசை சுத்தம் என்று நம்புவது அடிக்கடி நடக்கிறது.

இனி கன்ட்ரோல்கள், அதாவது ஓட்டத்தை நம்பலாமா என்று காட்டும் ஒப்பீட்டுச் சோதனைகள். நான்கு வேண்டும், நான்கும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள்.

எக்ஸ்ட்ராக்ஷன் நெகட்டிவ்: மாதிரியே இல்லாத ஒரு குழாயை டிஎன்ஏ எடுக்கும் முதல் படியிலிருந்தே கூட ஓட்டுங்கள். செல் சுவரை உடைக்க வாங்கும் என்சைம் பொடிகளிலேயே பூஞ்சை டிஎன்ஏ கலந்திருந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் குழாய்தான்.

பிசிஆர் நெகட்டிவ்: டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர். மாஸ்டர் மிக்ஸ் சுத்தமா என்று சொல்லும்.

பாசிட்டிவ்: இதற்கு ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸையோ கேண்டிடா அல்பிகன்ஸையோ வைக்காதீர்கள். நோயாளியிடம் வரவே வாய்ப்பில்லாத ஒரு பூஞ்சையின் டிஎன்ஏவை வையுங்கள். அது மாதிரியில் சிந்தியிருந்தால் வரிசையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். வழக்கமான இனத்தை வைத்திருந்தால் எது நோயாளியுடையது, எது நம்முடையது என்று பிரிக்கவே முடியாது.

தடை கன்ட்ரோல்: மாதிரியில் மனித பீட்டா குளோபின் மரபணுவைப் பெருக்கிப் பாருங்கள். அதுவே வரவில்லை என்றால் பூஞ்சை வராததற்குப் பொருளில்லை. டிஎன்ஏ கிடைக்கவில்லை, அல்லது பிசிஆரை ஏதோ தடுக்கிறது.

5. டிஎன்ஏவை வெளியே எடுப்பது

கல்ச்சரிலிருந்து

முதலில் கல்ச்சர் ஒரே இனமா என்று உறுதி செய்யுங்கள். ஈஸ்ட் என்றால் தனிக் காலனியிலிருந்து மறுபடி தேய்த்து வளர்க்க வேண்டும். இழைப்பூஞ்சை என்றால் ஒற்றை வித்திலிருந்தோ இழை நுனியிலிருந்தோ வளர்ப்பது நல்லது.

இளம் கல்ச்சரே சிறந்தது. இரண்டு மூன்று நாளில், வித்து கட்டி நிறம் ஏறும் முன் எடுங்கள். தட்டு முழுக்க அடர்ந்த பழைய கல்ச்சரில் டிஎன்ஏ நிறைய இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அதில் நிறமியும் சர்க்கரைச் சேர்மங்களும்தான் கூடியிருக்கும். கருநிறப் பூஞ்சைகளின் மெலனின் பிசிஆரை நேரடியாகத் தடுக்கும். தீக்குச்சித் தலை அளவு எடுத்தால் போதும், அதிகம் எடுத்தால் சுவர் சரியாக உடையாது.

சுவரை உடைக்க உறுதியான வழி கண்ணாடி மணிகளோடு வேகமாகக் குலுக்குவது. திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைப்பதும் நன்றாக வேலை செய்யும். ஈஸ்டுக்குக் கொதிக்க வைப்பதே சில சமயம் போதும், இழைப்பூஞ்சைக்குப் போதாது. பாக்டீரியா கிட்டை அப்படியே எடுத்து, மணி போடாமல் செய்துவிட்டு டிஎன்ஏ வரவில்லை என்று வருபவர்கள் நிறைய.

டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவுகளில் 260/280 விகிதம் 1.8 அருகே இருந்து, 260/230 மிகக் குறைவாக இருந்தால் சர்க்கரைச் சேர்மமோ ஃபீனாலோ ஒட்டியிருக்கிறது. மறுபடி எடுப்பதற்கு முன் 10 மடங்கும் 100 மடங்கும் நீர்த்து பிசிஆர் போட்டுப் பாருங்கள். டிஎன்ஏ குறைந்தாலும் தடையும் சேர்ந்து குறைவதால் பல நேரம் பேண்ட் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ பட்டை) வந்துவிடும். பிசிஆரில் பிஎஸ்ஏ புரதம் சேர்ப்பதும் உதவும்.

புதிய திசுவிலிருந்து

புரோட்டினேஸ் கே போட்டுத் திசுவைக் கரையுங்கள், அப்புறம் மணிகளால் குலுக்குங்கள். இந்த ஒழுங்கு மாறினால் மணிகள் திசுவுக்குள் சிக்கிக்கொள்ளும், பூஞ்சைச் சுவர் அப்படியே நிற்கும். கிடைக்கும் டிஎன்ஏவில் பெரும்பகுதி மனிதருடையதாகத்தான் இருக்கும். டிஎன்ஏ அளவைக் காட்டும் நானோடிராப் கருவியில் எண் பெரிதாக வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம்.

பாரஃபின் கட்டியிலிருந்து

10 மைக்ரோமீட்டர் தடிமனில் சில சீவல்கள் வேண்டும். கட்டியின் மேற்பரப்பு காற்றில் கிடந்தது, எனவே முதல் சில சீவல்களை எறிந்துவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டிக்கும் புது பிளேடு. எக்ஸ்ட்ராக்ஷன் நெகட்டிவாக, திசு இல்லாத வெற்று பாரஃபினையும் அதே கருவியில் சீவித் தரச் சொல்லுங்கள்.

சைலீனால் மெழுகை நீக்கி, எத்தனாலால் கழுவி, 56 டிகிரியில் இரவு முழுவதும் புரோட்டினேஸ் கேயில் வைத்து, பின் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஃபார்மலின் போட்ட பிணைப்புகளை அவிழ்ப்பது இந்தக் கடைசிச் சூடுதான். நேரமில்லை என்று விட்டுவிட்டால் டிஎன்ஏ குழாயில் இருந்தும் பெருகாது.

ரத்தத்திலிருந்து

ரத்தத்தில் பூஞ்சை டிஎன்ஏ மிகக் குறைவு. எல்லாப் பூஞ்சைக்கும் பொதுவான ப்ரைமரை (பெருக்கலைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) போட்டு வரிசை எடுக்கும் முறை இங்கே அவ்வளவாகப் பயன்படாது. ஆஸ்பர்ஜில்லஸுக்கோ மியூகோரேல்ஸுக்கோ தனியாக வடிவமைத்த ரியல்டைம் பிசிஆரே பொருத்தம். ஆஸ்பர்ஜில்லஸ் பிசிஆருக்குக் குறைந்தது 3 மில்லி ரத்தம் அல்லது அரை மில்லி சீரம் எடுத்து, கடைசியில் 100 மைக்ரோலிட்டருக்கும் குறைவான அளவில் கரைத்தெடுக்க வேண்டும். ஒரே ஒரு பாசிட்டிவை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ரத்த மாதிரியில் அடுத்தடுத்து இரண்டு முறை பாசிட்டிவ் வர வேண்டும் என்பது 2020 வரையறை.

6. எந்த மரபணு?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நிதானமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

தொடக்கம் ஐடிஎஸ். ரைபோசோம் மரபணுக்களில் 18எஸ்ஸுக்கும் 28எஸ்ஸுக்கும் நடுவே இருக்கும் பகுதி இது. நடுவில் 5.8எஸ், அதன் இரு பக்கமும் ஐடிஎஸ்1, ஐடிஎஸ்2. ஒரு செல்லில் இது பல பத்து பிரதிகளாக இருப்பதால் குறைந்த டிஎன்ஏவிலும் பெருகும். இரு ஓரங்களும் எல்லாப் பூஞ்சையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் ஒரே ப்ரைமர் ஜோடி பிடித்துவிடும், நடுப்பகுதி இனத்துக்கு இனம் மாறும். 2012 முதல் பூஞ்சைகளுக்கான அடிப்படை பார்கோடு, அதாவது இனம் காட்டும் டிஎன்ஏ பகுதி, இதுதான். ப்ரைமர் பெயர்களும் ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4, ஐடிஎஸ்5 என்றே இருக்கும். பகுதியின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபார்மலின் திசுவில் முழு ஐடிஎஸ் வராது, டிஎன்ஏ அவ்வளவு நீளமாக மிஞ்சியிருக்காது. ஐடிஎஸ்3, ஐடிஎஸ்4 ப்ரைமர்களால் ஐடிஎஸ்2 பகுதியை மட்டும் எடுங்கள். முழு ஐடிஎஸ்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பூஞ்சை இல்லை என்று எழுதிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது.

ஈஸ்டுக்கு ஐடிஎஸ்ஸோடு 28எஸ்ஸின் டி1/டி2 பகுதியும் நல்ல துணை. சுமார் 600 எழுத்து, ப்ரைமர்கள் என்எல்1, என்எல்4. கேண்டிடா ஆரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உயிர்வேதியியல் கருவிகள் இதை கேண்டிடா ஹீமுலோனி என்றோ ரோடோடொருலா என்றோ காட்டின. ஐடிஎஸ், டி1/டி2 இரண்டில் எது எடுத்தாலும் ஆரிஸ் தெளிவாகப் பிரிந்துவிடும்.

மியூகோரேல்ஸுக்கும் ஐடிஎஸ் பெரும்பாலும் போதும்.

ஆஸ்பர்ஜில்லஸுக்குப் போதாது. ஐடிஎஸ் உங்களை ஃப்யூமிகேட்டஸ் பிரிவு வரை கொண்டுபோய் விடும், அதற்குமேல் தடுமாறும். அந்தப் பிரிவுக்குள்ளேயே லென்டுலஸ், உடகாவே, தெர்மோமியூடேட்டஸ் என்று மருந்துக்குச் சரியாக மசியாத உறவினங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரிக்க பீட்டா டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணு வேண்டும். ப்ரைமர்கள் பிடி2ஏ, பிடி2பி ஒரு ஜோடி, சிஎம்டி5, சிஎம்டி6 இன்னொரு ஜோடி.

ஃபியூசேரியத்தில் ஐடிஎஸ்ஸை நம்பவே கூடாது. ஒரே பூஞ்சைக்குள் வெவ்வேறு வம்சத்து ஐடிஎஸ்2 பிரதிகள் இருக்கக்கூடும். டிஇஎஃப்1 என்னும் நீட்சிக் காரணி மரபணுவை இஎஃப்1, இஎஃப்2 ப்ரைமர்களால் எடுங்கள், முடிந்தால் ஆர்பிபி2 மரபணுவையும் சேருங்கள். செடோஸ்போரியத்துக்கு பீட்டா டியூபுலின்.

எது என்றே தெரியாத நிலையில் ஐடிஎஸ் முதலில், அது காட்டும் பேரினத்தைப் பார்த்து இரண்டாவது மரபணு. டிஎன்ஏ மிகக் குறைவாக இருக்கும் திசுவில் இரண்டாவது மரபணு வராமல் போகலாம். பீட்டா டியூபுலின் போன்றவை செல்லுக்கு ஒரே பிரதிதான். அப்படியானால் பிரிவு வரை மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

7. பிசிஆரும் ஜெல்லும்

ஐடிஎஸ்ஸுக்கு 95 டிகிரியில் 5 நிமிடம், அப்புறம் 95, 55, 72 டிகிரிகளில் 35 சுற்று, கடைசியில் 72இல் 7 நிமிடம் என்பது பெரும்பாலும் ஓடும். பேண்ட் வரவில்லை என்று 45 சுற்றுக்கு ஏற்றினால் என்ன வரும் தெரியுமா? காற்றிலிருந்து விழுந்த ஒற்றை வித்துகூட வரும். சுற்றை ஏற்றுவதற்கு முன் நீர்த்துப் பாருங்கள், தடை கன்ட்ரோலைப் பாருங்கள்.

ஐடிஎஸ் பேண்ட் பொதுவாக 500 முதல் 800 எழுத்து நீளத்தில் விழும். கேண்டிடா அல்பிகன்ஸ் கீழே, கேண்டிடா கிளாப்ரேட்டா அதைவிட நன்றாக மேலே. திசுவில் இரண்டு பேண்ட் வந்தால் இரண்டு பூஞ்சை என்று முடிவு கட்ட வேண்டாம். பொது ப்ரைமர்கள் சில நேரம் மனித டிஎன்ஏவிலும் ஒட்டும். ஒவ்வொரு பேண்டையும் பிளேடால் தனித்தனியாக வெட்டி எடுத்துச் சுத்தம் செய்து வரிசைக்கு அனுப்புங்கள்.

நெகட்டிவ் குழாயில் மங்கலாக ஏதாவது தெரிந்தால் அன்றைய ஓட்டம் முழுவதும் செல்லாது. "ரொம்ப மங்கல்தானே, நம் மாதிரி பேண்ட் பளிச்சென்று இருக்கிறதே" என்று கேட்பார்கள். அந்த மங்கல் பேண்டையும் வரிசைக்கு அனுப்பிப் பார்த்தால்தான் மாசு எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும், அதனால் குப்பையில் போடாதீர்கள்.

8. குரோமடோகிராமைக் கண்ணால் படிப்பது

முன்னும் பின்னும் இரண்டு திசையிலும் வரிசை எடுங்கள். ஒரு திசை மட்டும் எடுத்துச் செலவை மிச்சம் பிடித்தால், சில எழுத்து வித்தியாசத்தில் பிரியும் இனங்களில் அதுவே பிழையாகும்.

வந்த எழுத்துக் கோப்பை அப்படியே தேடலில் ஒட்டாதீர்கள். முதலில் அலைக் கோப்பை, அதாவது ஒவ்வொரு எழுத்தையும் நிற முகடாகக் காட்டும் குரோமடோகிராமை, திறந்து பாருங்கள். தொடக்கத்து 20 முதல் 40 எழுத்துகள் குழம்பியே இருக்கும், வெட்டுங்கள். 700ஐத் தாண்டினால் முகடுகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று சாயும், அதையும் வெட்டுங்கள். ப்ரைமர் பகுதியும் போக வேண்டும்.

இரட்டை முகடுகள்தான் உண்மையான பாடம். முதல் எழுத்திலிருந்து கடைசி வரை, இரு திசையிலும், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிறம் தெரிந்தால் அது கலப்பு. கல்ச்சரை மறுபடி பிரித்தெடுக்க வேண்டும், திசுவாக இருந்தால் இரண்டு பூஞ்சை அல்லது மாசு. ஆனால் முன் திசையில் 210ஆம் எழுத்து வரை பளிச்சென்று வந்து, அங்கிருந்து திடீரென்று எல்லாமே இரட்டையாகி, பின் திசையில் மறுமுனையிலிருந்து அதே இடம் வரை தெளிவாக வந்து அங்கே குழம்பினால், கதை வேறு. ஒரே பூஞ்சையின் ஐடிஎஸ் பிரதிகளில் சிலவற்றில் அந்த இடத்தில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கிறது. அந்தப் புள்ளிக்குப் பின் ஒரு பிரதி மற்றதைவிட ஓர் அடி தள்ளி நடப்பதால் எல்லா முகடும் இரண்டாகிறது. இரு திசைகளின் தெளிவான பாதிகளைச் சேர்த்தால் பெரும்பாலும் முழு வரிசை கிடைத்துவிடும். முடியாவிட்டால் குளோனிங் செய்யலாம், அல்லது வேறு மரபணுவுக்குப் போகலாம்.

மென்பொருள் தானாகப் போட்ட எழுத்தை நம்பி இந்த இடத்தில் நகர்ந்துவிட்டால், இல்லாத ஓர் இனத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

9. தரவுத்தளத்தில் தேடுவது

ஜென்பேங்க் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் பிளாஸ்ட் தேடல் போடுவது தொடக்கம் மட்டுமே. அங்கே யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் வரிசையைப் பதிவு செய்யலாம். முதல் வரியில் வந்த பெயரை அறிக்கையில் எழுதுவதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான தவறு.

பட்டியலை இப்படிப் படியுங்கள். முதலில் உங்கள் வரிசையில் எத்தனை விழுக்காடு பொருந்தியிருக்கிறது என்னும் கவரேஜைப் பாருங்கள். 100 விழுக்காடு ஒற்றுமை என்று மேலே நிற்பது, உங்கள் 600 எழுத்தில் 150ஐ மட்டும் ஒப்பிட்டதாக இருக்கலாம். 5.8எஸ் பகுதி எல்லாப் பூஞ்சையிலும் ஒத்திருப்பதால் இந்த ஏமாற்றம் அடிக்கடி வரும்.

அப்புறம் தேடலை மூல மாதிரிகளிலிருந்து வந்த வரிசைகளுக்கு மட்டும் என்று சுருக்குங்கள். ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது சேமித்த பூஞ்சை அது, எனவே பெயரில் சந்தேகமில்லை. மருத்துவப் பூஞ்சைகளுக்கென்றே தொகுத்துச் சரிபார்த்த ஐஷாம் ஐடிஎஸ் தரவுத்தளத்திலும் யுனைட்டிலும் தேடுங்கள். ஃபியூசேரியத்துக்குத் தனித் தரவுத்தளங்கள் உள்ளன.

மூன்றாவது, முதல் பெயருக்கும் இரண்டாவது பெயருக்கும் உள்ள இடைவெளி. இதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு, எனக்கோ இதுதான் விழுக்காட்டைவிட முக்கியமாகப் படுகிறது. உங்கள் ஐடிஎஸ் ஃப்யூமிகேட்டஸோடு 99.8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு வரி கீழே லென்டுலஸ் 99க்கு மேல் நிற்கிறது. அப்படியானால் நீங்கள் கண்டறிந்தது ஒரு பிரிவை. இனம் இன்னும் தெரியவில்லை, பீட்டா டியூபுலினுக்குப் போங்கள். அதே 99.8ஐ கேண்டிடா ஆரிஸ் காட்டி, அடுத்த இனம் வெகு கீழே இருந்தால் கேள்வியே இல்லை.

ஐடிஎஸ்ஸில் 98.5 முதல் 99 விழுக்காட்டுக்கு மேல் என்றால் இனம் என்பது வழக்கமான அளவுகோல். இது பல பேரினங்களில் பொருந்தும், மேலே சொன்னவற்றில் பொருந்தாது. சந்தேகம் தீராவிட்டால் மூல மாதிரி வரிசைகளை இறக்கி, மாஃப்ட் மென்பொருளில் ஒன்றோடொன்று பொருத்தி, மெகா மென்பொருளில் ஓர் உறவுமுறை மரம் வரைந்து பாருங்கள். உங்கள் பூஞ்சை எந்தக் கிளையில் உட்காருகிறது என்பது விழுக்காட்டைவிடத் தெளிவான பதில்.

10. பெயர் நோயாளியோடு பொருந்துகிறதா?

இப்போது 2ஆம் படியில் எழுதி வைத்த குறிப்பை எடுங்கள். திசுவில் பார்த்தது அகலமான இழை, வரிசை சொல்வது கிளாடோஸ்போரியம் என்றால், அது காற்றிலிருந்து வந்த மாசு. கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், தோலில் குடியிருக்கும் மலசீசியா ஆகியவை வந்தால் எப்போதும் இரண்டாவது முறை யோசியுங்கள். உறைய வைத்த துண்டிலிருந்து புதிதாக டிஎன்ஏ எடுத்து மறுபடி செய்து, இரண்டு முறையும் ஒரே விடை வருகிறதா பாருங்கள்.

கல்ச்சர் இருந்தால் சின்னச் சோதனைகள் நல்ல சாட்சி. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் 50 டிகிரியிலும் வளரும், லென்டுலஸ் வளராது. வரிசை ஒன்று சொல்லி, 50 டிகிரித் தட்டு வேறு சொன்னால் குழாய் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள்.

11. மருந்து எதிர்ப்பு மரபணு, கேட்டால் மட்டும்

ஃப்யூமிகேட்டஸ் என்று உறுதியான பின், வோரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகளுக்கான எதிர்ப்புக்கு சிப்51ஏ மரபணுவைப் பார்க்கலாம். மரபணுவை மட்டும் எடுத்தால் பாதிதான் தெரியும். மிகப் பரவலான மாற்றத்தில், அதற்கு முன்னால் இருக்கும் இயக்கப் பகுதியில் 34 எழுத்துகள் இரண்டு முறை வரும், கூடவே மரபணுவில் எல்98எச் என்னும் அமினோ அமில மாற்றமும் இருக்கும். எனவே ப்ரைமர் இயக்கப் பகுதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கேண்டிடாவில் எக்கினோகேண்டின் எதிர்ப்புக்கு எஃப்கேஎஸ்1 மரபணு, கிளாப்ரேட்டாவில் எஃப்கேஎஸ்2வும் சேர்த்து.

மாற்றம் இல்லை என்பதற்கு மருந்து கேட்கும் என்று பொருளில்லை. எதிர்ப்பு வேறு வழியிலும் வரும். கல்ச்சர் இருந்தால் மருந்துச் சோதனையை நிறுத்தாதீர்கள்.

12. அறிக்கை எழுதுவதும் சேமிப்பதும்

எந்த மாதிரி, எந்த மரபணு, எத்தனை எழுத்து, எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் தேடியது, எத்தனை விழுக்காடு, நுண்ணோக்கியில் என்ன தெரிந்தது என்று எல்லாம் இருக்க வேண்டும். இனம் பிரியவில்லை என்றால் "ஃபியூசேரியம் சொலானி இனக்கூட்டம்" என்று எழுதுங்கள். அது முழுமையான விடைதான். உறுதியில்லாத இனப்பெயரைவிட மருத்துவருக்கு அதுவே உதவும்.

பெயர் மாறிய இனங்களுக்குப் பழைய பெயரையும் பக்கத்தில் போடுங்கள். நாகசியோமைசிஸ் கிளாப்ரேட்டஸ் என்று மட்டும் எழுதினால், வார்டில் இரவுப் பணியில் இருப்பவருக்கு அது கேண்டிடா கிளாப்ரேட்டா என்று தெரியாமல் போகலாம். பிக்கியா குத்ரியாவ்செவிக்கும் இதே கதி. அது பழைய கேண்டிடா க்ரூசை, ஃப்ளூகோனசோல் இயல்பாகவே கேட்காத இனம்.

கேண்டிடா ஆரிஸ், மியூகோரேல்ஸ் போன்றவை உறுதியானால் அறிக்கை அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம், தொலைபேசியில் சொல்லுங்கள். முந்தையது வார்டில் பரவும், பிந்தையதில் அறுவையும் மருந்து மாற்றமும் அன்றே நடக்க வேண்டும்.

பூஞ்சையை 20 விழுக்காடு கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள், டிஎன்ஏவைத் தனியாக மைனஸ் 20இல். அலைக் கோப்புகளை எழுத்துக் கோப்போடு சேர்த்தே சேமியுங்கள். சில ஆண்டு கழித்து அந்த இனக்கூட்டத்தை நான்காகப் பிரித்துப் புதுப் பெயர் வைத்தால், அலைக் கோப்பு இருக்கிறவர் மறுபடி தேடிச் சொல்லிவிடலாம். இல்லாதவர் உறைபெட்டியைத் திறந்து 5ஆம் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.